சோதனை போடாத பென்டிரைவ்

போன மாதம் தேர்வாய் கண்டிகையில் ஒரு தொழிற்சாலைக்கு என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். என் அக்கா மகன் அங்கே கம்ப்யூட்டர் பிரிவில் இருக்கிறான். எந்த நாட்டிலிருந்தோ எவனோ ஒருவன் அவர்களுடைய கோப்புகளைப் பூட்டிவிட்டுச் சாவிக்கு விலை கேட்டானாம். எப்படியோ சமாளித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு எல்லோருக்கும் பாடம் எடுப்பது என்று முடிவாகி, பழைய ஆள் ஒருவரும் பத்து நிமிடம் பேசட்டும் என்று என்னைப் பிடித்தார்கள். "மாமா, உங்க காலத்து வைரஸெல்லாம் சாதுதானே?" என்று அவன் கேட்டான். வைரஸ் சாதுதான். அதைக் கூட்டிக்கொண்டு வருகிற மனுஷன்தான் அன்றைக்கும் இன்றைக்கும் ஒரே மாதிரி. பத்து நிமிடத்தில் அடங்காததை இங்கே எழுதுகிறேன்.

நான் பழவேற்காட்டுக்காரன், பெயர் அப்துல் காதர். வீட்டில் எல்லோரும் வியாபாரத்துக்குப் போக, நான் ஒருத்தன்தான் சம்பளத்துக்குப் போனேன். கும்மிடிப்பூண்டியில் இரும்புக் குழாய் செய்யும் தொழிற்சாலை. டெலெக்ஸ் ஆபரேட்டராகச் சேர்ந்தேன். டெலெக்ஸ் போய் ஃபேக்ஸ் வந்தது, அப்புறம் கம்ப்யூட்டர் வந்தது. எனக்குத்தான் விரல் ஓடுகிறது என்று சொல்லிச் சென்னையில் ஆறு வாரப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். நாலு வாரம் கம்ப்யூட்டரின் சரித்திரம், ஒரு வாரம் கரண்ட் இல்லை. மீதி ஒரு வாரத்தில் கற்றதை வைத்துக்கொண்டு ரிட்டயர் ஆகும் வரை ஓட்டினேன்.

நான் பார்த்த முதல் வைரஸ் ஒரு பந்து. ஃபிளாப்பியில் வந்தது. திரையில் ஒரு புள்ளி குறுக்கும் நெடுக்குமாகத் துள்ளிக்கொண்டே இருக்கும், அவ்வளவுதான். டீ நேரத்தில் பட்டறையிலிருந்து ஆட்கள் கும்பலாக வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். நான் அழிக்கப் போனபோது அக்கவுண்ட்ஸ்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "செகண்ட் ஷிஃப்ட் ஆளுங்க இன்னும் பாக்கல பாய், அப்பால அழிச்சிக்கலாம்" என்றார். அவர்களும் பார்த்த பிறகுதான் அழித்தேன்.

அடுத்து இரண்டாயிரமாவது வருடம் காதல் கடிதம் வந்தது. உலகம் முழுக்கப் போன கடிதம்தான், ஆனால் எங்கள் பர்ச்சேஸ் மேனேஜருக்கு அது தெரியாது. அவருக்குச் சரக்கு அனுப்பும் வடநாட்டுக் கம்பெனியின் பெண் அதிகாரி பெயரில், 'உன்னைக் காதலிக்கிறேன்' என்ற தலைப்போடு ஈமெயில். ஐம்பத்துநாலு வயது மனுஷன், யாரிடமும் மூச்சு விடாமல் திறந்திருக்கிறார். உள்ளே ஒன்றும் இல்லை என்று மறுபடியும் திறந்திருக்கிறார். நாலாவது தடவை திறப்பதற்குள் அவர் பெயரில் அதே கடிதம் ஜி.எம். முதல் லாரி ஏஜெண்ட் வரை எல்லோருக்கும் போய்விட்டது. மூன்று நாள் அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. என்னிடம் மட்டும் தனியாக வந்து, "அப்போ அந்தம்மா அனுப்பலையா பாய்?" என்று கேட்டார். இல்லை என்று சொல்ல எனக்கே கஷ்டமாக இருந்தது.

எல்லாவற்றையும் வைரஸ் என்றே சொல்கிறோம், ஆனால் இதில் ஆட்கள் வேறு வேறு. அசல் வைரஸ், லாரிக்குப் பின்னால் தொற்றிக்கொண்டு போகிறவன். வேறொரு புரோகிராமில் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தப் புரோகிராமை நீங்கள் ஓட்டினால்தான் அதுவும் ஊர் போய்ச் சேரும். புழு என்று ஒன்று உண்டு. அதற்கு லாரி வேண்டாம், தன்னைத் தானே நகல் எடுத்துக்கொண்டு நடந்தே போய்விடும். மூன்றாவது ஆள் வேஷக்காரன். கல்யாண மண்டபத்தில் பெண் வீட்டாரிடம் மாப்பிள்ளை வீடு என்றும், மாப்பிள்ளை வீட்டாரிடம் பெண் வீடு என்றும் சொல்லிப் பந்தியில் உட்காருகிறவனைப் போல, நல்ல பொருளின் முகத்தோடு வந்து உட்காருவான். தேர்வாய் கண்டிகைக்கு வந்தவன் பூட்டுக்காரன். முக்கால்வாசி நேரம் ரெண்டு மூன்று பேர் கூட்டாகத்தான் வருவார்கள். எனக்கு வாய்த்த கஷ்டமான கேஸ் பாதி புழு, பாதி வேஷக்காரன்.

அதற்கு முன் எங்கள் ஜி.எம். சீனிவாசன் சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். குரலை உயர்த்தவே மாட்டார். அவர் அறைக்குக் கூப்பிட்டு டீ வந்தால் தப்பித்தீர்கள். டீ வராமல், அவர் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் வைத்தால் உங்களுக்கு மூன்று நிமிடம். கண்ணாடியைக் கழற்றி டை நுனியால் துடைத்தால் அவருக்குக் கோபம் என்று அர்த்தம். நேர்மையானவர், தொழிற்சாலைக் காகிதம் ஒன்றுகூட வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டார். ஆனால் வைரஸ் தூசியில்தான் வருகிறது என்று உறுதியாக நம்பினார். கம்ப்யூட்டர் அறை வாசலில் 'காலணிகளை வெளியே விடவும், வைரஸ் ஜாக்கிரதை' என்று பலகை மாட்டச் சொன்னார். மாட்டினேன். ஒரு சூப்பர்வைசர், "சாக்ஸும் கழட்டணுமா பாய்?" என்று கேட்டார். அவர் சாக்ஸைப் பற்றி எனக்கு ஏற்கெனவே தெரியும், அதனால் வேண்டாம் என்றேன்.

பென்டிரைவ் வந்த பிறகு என் நிம்மதி போனது. சட்டைப் பையில், சாவிக்கொத்தில், சில பேர் கழுத்தில்கூடத் தொங்கியது. ஜி.எம்.மிடம் சொல்லி ஒரு நடைமுறை கொண்டுவந்தேன். வெளியிலிருந்து எந்தப் பென்டிரைவ் வந்தாலும் கேட்டில் செக்யூரிட்டி கோபால் பதிவேட்டில் எழுதுவார். அப்புறம் அது நேராக என் மேஜைக்கு வர வேண்டும். ஷிஃப்ட் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் செருகுவேன். அப்படிச் செய்தால் உள்ளே இருப்பது தானாக எழுந்து ஓடாது. பிறகு ஆண்டிவைரஸ் போட்டுச் சோதனை. இருபது நிமிடம் ஆனாலும் ஆள் நின்றுதான் ஆக வேண்டும். சுத்தம் என்றால் பச்சை ஸ்டிக்கர் ஒட்டித் தருவேன். இதில் நான் படு கறார். ஆனால் கேட்டில் தொழிலாளிகளின் பையைத்தான் பார்ப்பார்கள். அதிகாரிகளின் கார் வந்தால் கோபால் சல்யூட் அடித்துத் தடுப்பைத் தூக்கிவிடுவார். இவ்வளவு பெரிய ஓட்டை என் கண்ணில் படவே இல்லை.

ஆயுத பூஜைக்கு எங்கள் தொழிற்சாலையில் லேத் முதல் லாரி வரை எல்லாவற்றுக்கும் பொட்டு உண்டு. கம்ப்யூட்டருக்கும்தான். கீபோர்டில் ஒரு துளி குங்குமம் கொட்டாமல் மானிட்டர் நெற்றியில் வைப்பதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. அந்த வருடம் ஜி.எம்.முக்குப் புது யோசனை. பூஜையன்று பதினாலு கம்ப்யூட்டரிலும் ஒரே சரஸ்வதி படம் தெரிய வேண்டும். முந்தின நாள் வெள்ளிக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஷூவைக் கழற்றிவிட்டு அவரே என் அறைக்குள் வந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்து, "எங்க வீட்டு பூஜை ரூம் படம், காதர். மீஞ்சூர்ல ஒரு ஸ்டூடியோவுல குடுத்துக் காப்பி பண்ணி வாங்கினேன்" என்று நீட்டிவிட்டு என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

செருகினேன். ஷிஃப்டை அழுத்தவில்லை. சோதனை போடவா என்று ஆண்டிவைரஸ் கேட்டது. வேண்டாம் என்று அழுத்தினேன். ஜி.எம்.மை நிற்க வைத்துக்கொண்டு அவர் பென்டிரைவைச் சோதனை போடுவது, அவர் டிபன் பாக்ஸைத் திறந்து முகர்ந்து பார்ப்பது மாதிரி. அந்தத் தைரியம் எனக்கு இல்லை, எங்கள் தொழிற்சாலையில் யாருக்குமே இல்லை. படம் அழகாக வந்தது. அதே பென்டிரைவோடு அறை அறையாகப் போய்ப் பதினாலு கம்ப்யூட்டரிலும் படத்தை வைத்துவிட்டு, சாயங்காலம் அவரிடமே திருப்பிக் கொடுத்தேன். அன்றிலிருந்து அது அவர் சட்டைப் பையிலேயே இருந்தது.

சனிக்கிழமை பூஜை, ஞாயிறு விடுமுறை. திங்கட்கிழமை காலையில் தொழிற்சாலையே நின்றது. எந்தக் கம்ப்யூட்டரைப் பார்த்தாலும் ஃபோல்டர்கள் இருந்த இடத்தில் போலி ஃபோல்டர்கள். அதே மஞ்சள் படம், அதே பெயர். திறந்தால் உண்மையான ஃபோல்டரைக் காட்டும், காட்டிக்கொண்டே இன்னும் நாலு இடத்தில் தன்னை நகல் எடுத்துக்கொள்ளும். ஒன்றும் காணாமல் போகாததால் யாருக்கும் சந்தேகம் வராது. இதற்குள் கம்ப்யூட்டர் மூச்சுத் திணறி, எடை மேடையில் சீட்டு அச்சாகாமல், நெல்லூர் போக வேண்டிய லாரிகள் ரோட்டோரமாக வரிசை கட்டின.

வைரஸ் என்ற பேச்சு வந்ததும் பெர்சனல் ஆபீசர் தனசேகர் நேராகக் கேட்டுக்குப் போய்ப் பதிவேட்டைக் கொண்டுவந்தார். வெள்ளிக்கிழமை உள்ளே வந்த பென்டிரைவ் ஒன்றே ஒன்று. பெயர்: தேவகி, ஸ்டோர்ஸ்.

தேவகி எங்கள் ஊர்ப் பெண். புருஷன் பழவேற்காடு ஏரியில் மீன் பிடிக்கிறவன். நாங்கள் ஒரே பஸ்ஸில் பொன்னேரி வந்து, ஒரே ரயிலில் கும்மிடிப்பூண்டி போகிறவர்கள். ஸ்டோர்ஸ் கம்ப்யூட்டரில் சரக்குக் கணக்கு ஏற்றுவது அவள் வேலை. ஆறு வருடமாகக் காண்டிராக்டில் இருந்தாள். அந்த மாதக் கடைசியில் நிரந்தரப் பட்டியல் வர இருந்தது, அதில் அவள் பெயர் உண்டு என்று பேச்சு. வெள்ளிக்கிழமை காலையில் மகளுடைய பள்ளிக்கூடக் கட்டுரையை அச்செடுக்கப் பென்டிரைவ் கொண்டுவந்திருக்கிறாள். நான் எடை மேடையில் இருந்ததால், காத்திருந்து பார்த்துவிட்டு, ஸ்டிக்கர் வாங்காமல் ஸ்டோர்ஸிலேயே செருகியிருக்கிறாள். அது தப்புதான், அவளும் இல்லை என்று சொல்லவில்லை. தனசேகர் அந்தப் பென்டிரைவை வாங்கி உறையில் போட்டு ஒட்டிப் பூட்டிவைத்தார். மத்தியானத்துக்குள் டைம் ஆபீஸ் நோட்டீஸ் போர்டில் காகிதம் ஏறியது: 'கம்ப்யூட்டர்களுக்கு வைரஸ் கொண்டுவந்த காரணத்தால் தேவகி, விசாரணை முடியும்வரை பணி நிறுத்தம்.'

செவ்வாய்க்கிழமை காலையிலும் அவள் வழக்கம்போல வந்தாள். உள்ளே விடவில்லை. "வந்தேன்னு எழுது" என்று கோபாலிடம் சண்டை போட்டு எழுத வைத்தாள். 'தேவகி, 8.25, வந்தார், அனுமதி இல்லை.' அப்புறம் எதிர் டீக்கடை ஓரம் சாயங்காலம் வரை நின்றாள்.

"ஊட்டுக்குப் போயேன்மா, இன்னாத்துக்கு வெயில்ல நிக்கிற?" என்று கேட்டேன்.

"போனா, சொல்லாம கொள்ளாம நின்னுட்டான்னு எழுதிக்குவாங்கோ பாய். பட்டியல்லேந்து பேர அடிக்க அது ஒண்ணு போதும். நீங்க சீக்கிரம் பாத்து சொல்லுங்க."

கோபால் என் காதில், "தெனம் இப்டி எழுதணுமாம் பாய், ஒரே பேஜாரா கீது" என்று முனகினார்.

நான் ஒவ்வொரு கம்ப்யூட்டராகச் சுத்தம் செய்துகொண்டு வந்தேன். போலியைக் கண்டுபிடிப்பதற்கு ஒரு வழி இருந்தது. எல்லாப் போலியும் ஒரே எடை. சம்பள ஃபோல்டரும் சரி, காண்டீன் ஃபோல்டரும் சரி, ஒரு எழுத்து கூடக் குறையாமல் ஒரே அளவு. அழிப்பதற்கு முன் ஒவ்வொன்றிலும் முதல் போலி எந்த நேரத்தில் பிறந்தது என்று நோட்டில் குறித்துக்கொண்டேன். ஒரு கம்ப்யூட்டரில் பேட்டரி செத்துப்போய், தான் இன்னும் போன நூற்றாண்டில் இருப்பதாக அது நினைத்துக்கொண்டிருந்தது. அதை விட்டுவிட்டேன்.

புதன்கிழமை சாயங்காலம் மீதிப் பதிமூன்றையும் வரிசைப்படுத்தினேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் 2.10, என் கம்ப்யூட்டர். 2.25, அக்கவுண்ட்ஸ். 2.40, டிஸ்பாட்ச். இப்படியே போய் 3.50, ஸ்டோர்ஸ். தேவகி தன் பென்டிரைவைச் செருகியது காலை பத்தரைக்கு. அவளால் வந்திருந்தால் ஸ்டோர்ஸ்தான் முதலில் இருக்க வேண்டும், அதுவும் காலை நேரத்தோடு. கடைசி எடை மேடை. அதற்கு முன்னால் மட்டும் வழக்கத்தைவிட இருபது நிமிடம் கூடுதல் இடைவெளி. அந்த இருபது நிமிடம் நான் காண்டீனில் டீ குடித்தேன். பட்டியலில் இருந்தது வைரஸ் போன வழி இல்லை, நான் போன வழி.

திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி உட்கார்ந்திருந்தேன். வந்தது ஜி.எம். பென்டிரைவில், சுமந்தது நான். சோதனை போடாமல் விட்டேன் என்றால் என் கறாரெல்லாம் காற்றில் போகும். போதாததற்கு, சரஸ்வதி படத்தோடு வைரஸ் வந்தது என்று காதர் பாய் வாயால் சொன்னால் அது எந்த ஊருக்குப் போய் எப்படித் திரும்பி வருமோ. யாரையும் நேராகக் குற்றம் சொல்லாமல், உண்மை தானாகவே வெளியே வந்து விழ வேண்டும். அதற்கு ஒரு வழியை யோசித்து யோசித்துச் செதுக்கினேன். வியாழக்கிழமை அதற்கே போனது. வெள்ளிக்கிழமை விசாரணை.

ஜி.எம். அறையில் தனசேகர், தேவகி, நான். டீ வரவில்லை. கடிகாரம் மேஜைக்கு வந்தது.

"காதர், எங்கேர்ந்து வந்ததுன்னு சொல்லுங்க" என்றார் ஜி.எம்.

"சொல்றத விட, எதிர்லயே பாத்துடலாம் சார்" என்று, புது வைரஸ் பட்டியல் ஏற்றிய ஆண்டிவைரஸோடு கொண்டுபோயிருந்த லேப்டாப்பைத் திறந்தேன். தனசேகர் உறையைக் கிழித்தார். ஷிஃப்டை அழுத்திப் பிடித்துத் தேவகியின் பென்டிரைவைச் செருகினேன். சுத்தம் என்று வந்தது. உள்ளே ஒரே ஒரு கோப்பு. திறந்தேன். மகளுடைய கட்டுரை, 'கணினி மனிதனின் நண்பன்'. ஜி.எம். முதல் இரண்டு வரியை முகம் மாறாமல் படித்தார்.

"இது எல்லாத்துக்குமே சுத்தம்னுதான் சொல்லுமோ என்னவோ" என்றார் தனசேகர்.

இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன். "நியாயம் சார். இன்னொரு பென்டிரைவ் இருந்தா போட்டுப் பாத்துடலாம். என்னோடது வேணாம், அப்பறம் சந்தேகம்" என்று பவ்யமாகச் சொன்னேன்.

ஜி.எம். சட்டைப் பையில் கைவிட்டு, "இதைப் போடுங்க" என்று எடுத்துக் கொடுத்தார்.

போட்டேன். அடுத்த நொடி லேப்டாப் சைரன் மாதிரி அலறியது. திரை முழுக்கச் சிவப்பு. தனசேகர் மின்விசிறியைப் பார்க்க ஆரம்பித்தார். ஜி.எம். மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றி, டை நுனியால் ரொம்ப நேரம் துடைத்தார்.

"படத்துலயா?" என்று கேட்டார்.

"படம் சுத்தம் சார். கூட வந்தவன்தான் சரியில்ல."

"எல்லா மெஷினுக்கும் எப்படிப் போச்சு?"

"நான்தான் சார் கொண்டுபோனேன். சோதனை போடல." நேரப் பட்டியலை எடுத்து வைத்தேன்.

அவர் அதைக் கடைசி வரி வரை படித்தார். பிறகு எழுந்து நின்று, "தப்பு எங்க மேலம்மா. நாளைக்கு நீங்க வேலைக்கு வந்துடலாம்" என்றார்.

"நாளைக்கு இன்னாத்துக்கு சார், இப்பவே போறேன். நாலு நாள் சரக்கு ஏறாம கெடக்குது" என்றாள் தேவகி. ஆனால் நகரவில்லை. "போர்டுல என் பேரு தொங்குதே, அதுக்கு இன்னா பண்ணப் போறீங்கோ?"

"எடுத்துடச் சொல்றேன்."

"எடுத்துட்டா சரி. ஏற்கெனவே படிச்சவங்களுக்கு?"

ஜி.எம். புது நோட்டீஸ் ஒன்று எழுதச் சொல்லி அங்கேயே வாக்கியங்களைச் சொன்னார். வைரஸ் வந்தது தன் பென்டிரைவில், பரப்பியது சிஸ்டம்ஸ் காதர், தேவகி மேல் எந்தத் தவறும் இல்லை. ஒரு வார்த்தையைக்கூட மழுப்பவில்லை. அன்றைக்கு அவர் மேல் எனக்கு வந்த மரியாதை கடைசி வரை குறையவில்லை.

வெளியே வந்ததும் தேவகி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஜி.எம்மு கையாலயே எடுத்துக் குடுக்க வெச்சிட்டியே பாய்!"

எனக்குத் தலைகால் புரியவில்லை. "பின்ன? சும்மாவா? புதன்கெழமையே திட்டம் போட்டுட்டேன்மா. தனசேகரு இன்னா கேப்பாருன்றது வரிக்கும் யோசிச்சு வெச்சேன்" என்று பெருமையடித்தேன்.

அவள் நின்றுவிட்டாள். "புதன்கெழமையா?"

"ஆமா, அன்னிக்குத்தான் நேரமெல்லாம் பாத்து..." என்று ஆரம்பித்தேன்.

"நேத்து காலைல கேட்டாண்ட என்னைப் பாத்து, எல்லாம் சரியாப் பூடும்னு சொல்லிட்டு உள்ள போனே. அப்போ உனுக்குத் தெரியும்." அவள் கத்தவில்லை. "நேத்து மத்தியானம் எம் பொண்ணு அவுங்கப்பாகூட கேட்டாண்ட வந்து, நம்ம கட்டுரையாலதானாம்மா வேலை போச்சுன்னு கேட்டு அழுதா பாய்." சொல்லிவிட்டு ஸ்டோர்ஸ் பக்கம் நடந்து போய்விட்டாள்.

என் திறமை மேல் எனக்கு அப்படி ஒரு அருவருப்பு வந்தது அன்றைக்குத்தான். புதன்கிழமை சாயங்காலமே ஜி.எம். அறைக் கதவைத் தட்டி மூன்று வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். நான் நாடகம் நன்றாக வர வேண்டும் என்று ஒத்திகை பார்த்த இரண்டு நாளும் அவள் வெயிலில் நின்றாள், அந்தப் பிள்ளை அழுதது.

போய் நோட்டீஸை டைப் அடித்தேன். ஜி.எம். சொன்னதற்குக் கீழே நானாக ஒரு வரி சேர்த்தேன்: 'தேவகி மேல் தவறில்லை என்பது எனக்குப் புதன்கிழமையே தெரியும். வெள்ளிக்கிழமை வரை சொல்லாமல் இருந்தேன். அப்துல் காதர்.' கையெழுத்துக்குக் கொண்டுபோனபோது ஜி.எம். அந்த வரியில் விரலை வைத்து, "இது தேவையா காதர்?" என்று கேட்டார். தேவை என்றேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

தொழிற்சாலையே வரிசையில் நின்று படித்தது. பர்ச்சேஸ் மேனேஜர் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்துவிட்டு, பல வருடக் கடன் தீர்ந்த முகத்தோடு என் தோளில் தட்டிவிட்டுப் போனார். ஜி.எம். பெயரைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. என் கடைசி வரியைப் பற்றித்தான் பேச்சு. காண்டீனில் என் எதிரில் யாரும் உட்காரவில்லை என்று சொன்னால் அது பொய். உட்கார்ந்தார்கள், ஆனால் என் வேடிக்கைப் பேச்சுக்குச் சிரிக்கவில்லை. ரயிலில் தேவகி வேறு பெட்டியில் ஏறினாள். மாதக் கடைசியில் பட்டியலில் அவள் பெயர் வந்தது, ஆனால் அது பிறகு நடந்தது.

புது நோட்டீஸ் போர்டில் தொங்கியது சனி, திங்கள், செவ்வாய், புதன். நாலாவது நாள் சாயங்காலம் நான் டைம் ஆபீஸ் பக்கம் போகும்போது தேவகி போர்டுக்கு முன்னால் நின்றிருந்தாள். அவள் பெயர் தொங்கியதும் நாலு நாள்தான். ஊசியைப் பிடுங்கிக் காகிதத்தை எடுத்து, நாலாக மடித்து, என் கையில் கொடுத்தாள். "ஸ்டோர்ஸ்ல பிரிண்டரு காலைலேந்து பேப்பரை முழுங்கிக்கினு கீது பாய். வந்து பாருங்க" என்றாள்.